ஓவர்கிளாக்கிங்கின் வரலாறு

மேசைக் கணினியின் மையச் செயலியை, உற்பத்தியாளர் குறித்துள்ள வேகத்தைவிட அதிக வேகத்தில் இயக்குவது ஓவர்கிளாக்கிங் எனப்படும். செயலியின் ஒவ்வொரு பணியும் கடிகாரத் துடிப்பை ஒட்டியே நடைபெறுகிறது. இன்றைய செயலிகளில் தாய்ப்பலகை தரும் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் செயலியின் வேகம் கிடைக்கும். இவ்விரண்டில் ஒன்றைக் கூட்டினால் வேகம் கூடும்.

உற்பத்தியான சில்லுகள் சோதிக்கப்பட்டு, வேகத்திற்கேற்பத் தரம் பிரிக்கப்படுகின்றன. மலிவு வகைக்குத் தேவை மிகும்போது, கூடுதல் வேகத்தைத் தாங்கும் சில்லுகளும் குறைந்த வேக முத்திரையுடன் விற்பனைக்கு வருவதுண்டு. ஓவர்கிளாக்கிங் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்கிறது.

தொடக்க காலம்

1984-இல் வெளியான ஐபிஎம் பிசி ஏடி கணினியில் 80286 செயலி 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதற்குத் துடிப்பளித்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கழற்றிவிட்டு, 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்திப் பயனர்கள் 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைப் பெற்றனர். பின்னர் ஐபிஎம் வேகத்தைச் சரிபார்க்கும் சோதனை ஒன்றைப் பயாஸில் சேர்த்து இதனைத் தடுத்தது.

செலரான் 300ஏ

1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ, ஓவர்கிளாக்கிங்கைப் பரவலாக்கியது. இதன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5. துடிப்பை 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றியபோது பல சில்லுகள் 450 மெகாஹெர்ட்ஸில் நிலையாக இயங்கின. பென்டியம் 2-இன் பதுக்கு நினைவகம் தனிச் சில்லுகளில் அமைந்து, செயலியின் பாதி வேகத்திலேயே இயங்கியது. செலரானின் 128 கிலோபைட் நினைவகமோ செயலிக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் இயங்கியது. எனவே விலை பல மடங்கு கூடிய பென்டியம் 2-க்கு இந்த மலிவுச் செயலி பல பணிகளில் ஈடுகொடுத்தது.

பூட்டும் திறப்பும்

குறைந்த வேகச் சில்லுகளின் முத்திரையை மாற்றி, அதிக வேகச் சில்லுகளாக விற்கும் மோசடியும் அக்காலத்தில் நடந்தது. இன்டெல் பெருக்கெண்ணைப் பூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். 2000-இல் வந்த ஏஎம்டியின் சில ஆத்லான் செயலிகளில், மேற்பரப்பிலிருந்த வெட்டப்பட்ட இணைப்புகளைப் பென்சில் கரியால் இணைத்தே பயனர்கள் பூட்டைத் திறந்தனர். 2011 தொடக்கத்தில் வெளியான கோர் ஐ5-2500கே போன்ற செயலிகளை இன்டெல்லே திறந்த பெருக்கெண்ணுடன் விற்றது.

வெப்பமும் மின்னழுத்தமும்

வேகம் கூடும்போது செயலி தடுமாறினால் மின்னழுத்தத்தை உயர்த்துவது வழக்கம். ஆனால் செலவாகும் திறன் வேகத்திற்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தை 20 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டினால், திறன் ஏறத்தாழ 45 விழுக்காடு உயரும். அது முழுவதும் வெப்பமாகவே வெளியேறும்.

2002-இல் வந்த நார்த்வுட் வகைப் பென்டியம் 4 இதற்குப் பாடமாக அமைந்தது. சுமார் 1.5 வோல்ட்டில் இயங்க வேண்டிய அச்செயலிக்கு 1.7 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தவர்கள், சில வாரங்கள் அல்லது மாதங்களில் அது திடீரெனச் செயலிழந்ததைக் கண்டனர். மின்னோட்டம் நுண் கம்பிகளின் உலோக அணுக்களை மெல்ல இடம்பெயர்த்து, இணைப்புகளை அறுத்துவிடுவதே இதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. குளிர்விப்பு நன்றாக இருந்தாலும் இச்சேதத்தை முழுமையாகத் தடுக்க முடியாது.

பாதுகாப்பான நடைமுறை

இத்தகைய அனுபவங்களிலிருந்து ஒரு நடைமுறை உருவானது. முதலில் கோப்புகளுக்குப் படி எடுத்துவைக்க வேண்டும். பின்னர் பெருக்கெண்ணை ஒவ்வொரு படியாக மட்டுமே உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். மின்னழுத்தத்தைக் கடைசியாகவே, மிகச் சிறிய அளவில் தொட வேண்டும். இறுதியில் பிரைம்95 போன்ற மென்பொருளைப் பல மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கணினி நின்றுபோவது கண்ணுக்குத் தெரியும் பிழை. நிற்காமலேயே தவறான விடை தருவது அதைவிட ஆபத்தானது. பிழையான தரவு யாரும் அறியாமல் வட்டில் பதிந்துவிடும். பகா எண்களைத் தேடப் பிறந்த பிரைம்95, விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செய்து ஒப்பிடுவதால் இவ்வகைப் பிழையைக் காட்டிக்கொடுக்கிறது.

இன்றைய நிலை

2011-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ் செயலி ஒன்று திரவ ஹீலியக் குளிர்விப்பில் 8.429 கிகாஹெர்ட்ஸை எட்டிக் கின்னஸ் சாதனை படைத்தது. இது சில நிமிடச் சாதனையே. அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியதன்று. இன்றைய செயலிகள் வெப்பநிலைக்கும் சுமைக்கும் ஏற்பத் தம் வேகத்தைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. இதனால் பயனர் கையால் கூட்டுவதற்கு எஞ்சியிருக்கும் இடைவெளி, செலரான் காலத்தைவிட மிகவும் குறுகிவிட்டது.