ஓட்டக் களமும் ஊக்க மருந்தும்

வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கு மருந்து நோயுற்றார்க்கு உரியது. நோயற்ற உடலுக்கு மருந்தூட்டிப் பரிசு தேடும் வழக்கம் பிற்காலத்தது. அதன் வரலாற்றைச் சங்க அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம். காரணம் உண்டு. நம் காலனிப் பிள்ளைகள் விடியற்காலையில் மைதானத்தை நாடுகின்றனர். பதக்கம் பெற்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வே வேலை கிட்டும் என்பது பெற்றோர் நம்பிக்கை.

அந்நம்பிக்கை வீணன்று. இடுக்கி மலைநாட்டில், இராஜாக்காட்டை அடுத்த முல்லக்கானத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன், பாலக்காட்டில் இரயில்வே ஊழியராய் இருந்தவர். அவர் 2010இல் குவாங்சௌ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அம்மலைநாட்டவரான பீனாமோளும் 2002இல் பூசானில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் கொண்டார்.

இனி மருந்தின் கதையைக் காண்போம். 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில், தாமஸ் ஹிக்ஸ் என்பாருக்கு எட்டிச் சத்தான ஸ்டிரிக்னைனும் பிராந்தியும் ஊட்டி உடன்வந்தோர் ஓடச் செய்தனர். அவரே வென்றார், அன்று தடைவிதி இல்லை. உலகத் தடகளச் சம்மேளனம் 1928இல் ஊக்க மருந்தை விலக்கிற்று. ஒலிம்பிக்கில் சோதனை 1968இலும், ஸ்டீராய்டுச் சோதனை 1976இலும் தொடங்கின. 1988இல் சியோலில் 100 மீட்டரை 9.79 வினாடியில் கடந்த பென் ஜான்சன், ஸ்டானோசோலால் உட்கொண்டது வெளிப்பட்டு, மூன்றாம் நாளே தங்கத்தை இழந்தார். நோயாளர்க்கென மருந்து படைத்ததும் விஞ்ஞானம். அதன் தவறான பயனைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞானமே. எதன் பக்கம் நிற்பது என்பதை மனிதனே தீர்மானிக்க வேண்டும்.

முப்பதாண்டு கழித்து அதே ஸ்டானோசோலால் நம் பாலக்காட்டு வாசலையும் எட்டிற்று. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பாலக்காட்டுப் பெண் அனு நான்காவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் பஹ்ரைனின் கெமி அடெகோயா. அவர் மருந்துண்டது சோதனையில் தெளிவாகி, 2020இல் அனுவுக்கு வெண்கலம் உரியதாயிற்று. அடெகோயா ஓடிய கலப்புத் தொடரோட்ட அணியின் தங்கமும் இந்திய அணிக்கு வந்தது. அவ்வணியில் திருச்சிப் பகுதித் தமிழர் ஆரோக்கிய ராஜீவும் ஒருவர்.

நீதி கிடைத்ததே என்று அமையலாமா? சீட்டின்றி ஏறியவன் இருக்கையைப் பற்றிக்கொள்ள, சீட்டுப் பெற்றவன் வழியெல்லாம் நின்றே வருகின்றான். ஊர் சேர்ந்தபின் அவனுக்கு இருக்கையை அளித்துப் பயன் என்ன? பதக்கம் திரும்பியது; மேடையேறும் அந்தப் பொழுது திரும்பவில்லை.

மறுபுறமும் காண்பது முறை. திருச்சியை அடுத்த முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோகாவில் ஆசியப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது தமிழகமே களித்தது. ஆனால் அவ்வாண்டு மார்ச் முதல் மே வரை எடுத்த நான்கு மாதிரிகளிலும் நாண்ட்ரோலோன் எனும் ஸ்டீராய்டின் அடையாளம் காணப்பட்டது. தாம் தடைமருந்து எதனையும் உட்கொண்டதில்லை என்று அவர் கூறினார். எனினும் தங்கம் பறிபோயிற்று. நான்காண்டுத் தடையும் விழுந்தது.

2011இல் இந்தியத் தொடரோட்டப் பெண்கள் சிக்கியபோதும், பயிற்சியாளர் தந்த ஜின்செங் வேர் மாத்திரையே காரணம் என்றனர். பயிற்சியாளர் பதவி இழந்தார். ஓடியவர்கள் ஈராண்டு இழந்தனர். உடலில் இருப்பதற்கு உடலுக்குரியவரே பொறுப்பு என்பது விதி. கடுமையான விதிதான், ஆயினும் அஃது இல்லையேல் நான்காவதாக வந்தவருக்குக் காவல் ஏது?

ஆதலின் பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம். பிள்ளையின் நேரக் கணக்கைக் கேட்குமுன், அவன் கையிலுள்ள சத்துமாவு டப்பாவில் யாதுளது, எவர் தந்தார் என்று கேளுங்கள். வேலைக்காக அவசரப்படுத்தாதீர்கள். நம் பிள்ளை நான்காவதாக வரினும், நேர்மையாக ஓடி வந்தால், வாசலில் நின்று வரவேற்போமாக.