ஹ்ரிஸ்டோ ஸ்டொய்ச்கோவ்

ஹ்ரிஸ்டோ ஸ்டொய்ச்கோவ் (பிறப்பு: 8 பிப்ரவரி 1966, பிளோவ்திவ்) பல்கேரியக் கால்பந்து வீரர், பயிற்சியாளர். இடது காலால் ஆடிய தாக்குதல் ஆட்டக்காரர். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்து விருதைப் பெற்ற ஒரே பல்கேரியர் இவரே. 1994 உலகக் கோப்பையில் ஆறு கோல் அடித்து, ரஷ்யாவின் ஒலெக் சலென்கோவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நாட்டு அணிக்காக 83 ஆட்டங்களில் 37 கோல்கள் அடித்துள்ளார். களத்தில் இவருடைய கோபமும் திறமையும் ஒட்டியே பிறந்தவை. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் சொல்ல வழியில்லை.

பிளோவ்திவின் மாரிட்சா சங்கத்தில் ஆடத் தொடங்கி, ஹர்மன்லி என்ற சிற்றூரின் ஹெப்ரோஸ் அணிக்குப் போனார். 1984இல் தலைநகர் சோபியாவின் சிஎஸ்கேஏ அணி அவரை எடுத்துக்கொண்டது. அது ராணுவத்தின் சங்கம். அதன் பரம எதிரியான லெவ்ஸ்கி, காவல்துறையைக் கையில் வைத்திருந்த உள்துறை அமைச்சகத்தின் நிழலில் இருந்தது. 1985 ஜூனில் இவ்விரண்டும் மோதிய பல்கேரியக் கோப்பை இறுதியாட்டம் அடிதடியில் முடிந்தது. கம்யூனிஸ்ட் அரசு இரண்டு சங்கங்களையும் கலைத்து, வேறு பெயர்களில் மறுபடி அமைத்தது. பல வீரர்களுக்கு ஆயுள் தடை. 19 வயது ஸ்டொய்ச்கோவ் அதில் ஒருவர், லெவ்ஸ்கியின் கோல்கீப்பர் போரிஸ்லாவ் மிஹைலோவ் இன்னொருவர். ஏறத்தாழ ஓராண்டில் ஸ்டொய்ச்கோவின் தடை விலக்கப்பட்டது. அன்று எதிரெதிரே நின்ற இந்த இருவரும்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்து நாட்டு அணியைத் தோளில் சுமந்தார்கள்.

திரும்பி வந்தவர் அடங்கியிருக்கவில்லை. சிஎஸ்கேஏவுடன் 1987, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றார். 1989–90 பருவத்தில் 38 கோல் அடித்து, ரியல் மாட்ரிட்டின் ஹ்யூகோ சான்செஸுடன் ஐரோப்பிய தங்கக் காலணி விருதைப் பகிர்ந்தார். ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பியது அதற்கு முந்தைய ஆண்டு. கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதியில் பார்சிலோனாவிடம் சிஎஸ்கேஏ இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது: அங்கே 4–2, சோபியாவில் 2–1. சிஎஸ்கேஏ அடித்த மூன்று கோல்களும் ஸ்டொய்ச்கோவுடையவை. எதிரணியின் பயிற்சியாளர் யோஹான் க்ரைஃப் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1990இல் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டார்.

தன் அணியில் நல்ல பிள்ளைகள் மிகுந்துவிட்டார்கள், எதிராளியைச் சீண்டும் முரடன் ஒருவன் வேண்டும் என்று க்ரைஃப் நினைத்திருந்தார். அந்த முரட்டுத்தனத்தின் விலையும் உடனே தெரிந்தது. 1990 டிசம்பரில், ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஸ்பானிய சூப்பர் கோப்பை ஆட்டத்தில் தனக்குச் சிவப்பு அட்டை காட்டிய நடுவரின் காலை ஸ்டொய்ச்கோவ் ஓங்கி மிதித்தார். நீண்ட தடை விதிக்கப்பட்டு, பிறகு குறைக்கப்பட்டது. எந்த நியாயமும் சொல்ல முடியாத செயல் அது. சங்கம் அவரைக் கைவிடவில்லை. அவரும் அந்தக் கடனைக் கோல்களால் தீர்த்தார்.

1991 முதல் 1994 வரை பார்சிலோனா தொடர்ந்து நான்கு முறை லீக் வென்றது. 1992 மே மாதம் லண்டன் வெம்ப்ளியில் சம்ப்டோரியாவை 1–0 என வென்று, முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. அன்று ஸ்டொய்ச்கோவின் உதை ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தின் 112ஆம் நிமிடத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கில் அவர் பந்தை மெல்லத் தட்டிவிட, பகேரோ நிறுத்திக் கொடுக்க, ரொனால்ட் கூமன் வலைக்குள் அறைந்தார். அதே ஆண்டுத் தங்கப்பந்து வாக்கெடுப்பில் வான் பாஸ்டனுக்கு அடுத்து ஸ்டொய்ச்கோவ் இரண்டாமிடம் பெற்றார். 1993இல் பிரேசிலின் ரொமாரியோ வந்து சேர்ந்தார். ஓர் ஆட்டத்தில் மூன்று அயல்நாட்டவரே ஆடலாம் என்ற விதி அப்போது இருந்ததால், கூமன், லவுட்ரப், ஸ்டொய்ச்கோவ், ரொமாரியோ நால்வரில் ஒருவர் வெளியே உட்கார வேண்டியிருந்தது. 1994 ஏதென்ஸ் இறுதியாட்டத்தில் அது லவுட்ரப். மிலான் அணி 4–0 என்று பார்சிலோனாவை நொறுக்கியது.

சில வாரங்களில் அமெரிக்காவில் உலகக் கோப்பை. பல்கேரியா அங்கே போய்ச் சேர்ந்ததே அதிசயம். 1993 நவம்பரில் பாரிஸில் கடைசி நிமிடத்தில் எமில் கொஸ்தாதினோவ் அடித்த கோலால் பிரான்ஸை வெளியேற்றி நுழைந்த அணி அது. அதற்கு முன் ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடிய 16 ஆட்டங்களில் பல்கேரியா ஒன்றில்கூட வென்றதில்லை. முதல் ஆட்டத்தில் நைஜீரியாவிடம் 3–0 எனத் தோற்றபோது அந்தக் கணக்கு 17 ஆனது. பிறகு கிரீஸை 4–0 என வென்றார்கள்; அதில் ஸ்டொய்ச்கோவின் பெனால்டிகள் இரண்டு. அர்ஜென்டினாவுக்கு எதிராக முதல் கோல் அவருடையது, முடிவு 2–0. மெக்சிகோவுக்கு எதிராகவும் அவரே கோல் அடித்து, ஆட்டம் 1–1 என நின்று பெனால்டிக்குப் போனபோது மிஹைலோவின் கைகள் அணியைக் கரையேற்றின.

ஜூலை 10, கால் இறுதி. எதிரே நடப்பு உலக சாம்பியன் ஜெர்மனி. மத்தேயுஸின் பெனால்டியால் பின்தங்கிய நிலையில், 75ஆம் நிமிடத்தில் பெனால்டி எல்லைக்கு வெளியே ஃப்ரீ கிக். ஸ்டொய்ச்கோவ் இடது காலால் பந்தைத் தடுப்புச் சுவருக்கு மேலே வளைத்து அனுப்பினார். கோல்கீப்பர் இல்க்னர் நின்ற இடத்தில் நின்றார், பந்து வலைக்குள். மூன்றே நிமிடத்தில் யாங்கோவ் தூக்கிக் கொடுத்த பந்தை, ஜெர்மனியின் ஹாம்பர்க் சங்கத்தில் ஆடிவந்த லெச்கோவ் பாய்ந்து தலையால் முட்டினார். 2–1. அரையிறுதியில் ராபர்ட்டோ பஜ்ஜோவின் இரண்டு கோல்கள் இத்தாலியை மேலேற்றின. ஸ்டொய்ச்கோவின் பெனால்டி போதவில்லை. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் ஸ்வீடனிடம் 4–0 என்று சரிந்து, பல்கேரியா நான்காமிடம் பிடித்தது.

ஆறு கோல்களில் மூன்று பெனால்டி என்று குறை சொல்வோர் உண்டு. மற்ற மூன்றும் அர்ஜென்டினா, மெக்சிகோ, ஜெர்மனிக்கு எதிரானவை. ஒவ்வொன்றும் அணிக்கு மிகத் தேவைப்பட்ட நேரத்தில் வந்தது. அந்த ஆண்டுத் தங்கப்பந்து விருது பஜ்ஜோவையும் மால்தினியையும் தாண்டி அவரிடம் வந்தது முற்றிலும் நியாயம்.

அதன்பின் இறங்குமுகம். 1995இல் இத்தாலியின் பார்மாவுக்குப் போய் ஒரு பருவம் பொருந்தாமல் ஆடினார். 1996 யூரோ போட்டியில் மட்டும் பழைய ஸ்டொய்ச்கோவ் தெரிந்தார்: மூன்று ஆட்டங்கள், மூன்றிலும் கோல். ஆனாலும் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. பார்சிலோனாவுக்குத் திரும்பி 1997இல் கோப்பை வென்றோர் கோப்பையைப் பெற்றார். பிறகு சவுதி அரேபியாவின் அல் நஸ்ர், ஜப்பானின் கஷிவா ரெய்சோல், அமெரிக்காவின் சிகாகோ ஃபயர், டி.சி. யுனைடெட் எனச் சுற்றி 2003இல் ஓய்வுபெற்றார். அந்தக் கடைசி ஆண்டிலும், ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவருடைய மூர்க்கமான மோதலில் கல்லூரி மாணவர் ஒருவரின் கால் முறிந்தது. 37 வயதிலும் அடங்காத அந்தக் கோபம் அவருடைய பெருமையில் விழுந்த ஆறாத கறை.

பயிற்சியாளராக அவர் சோபிக்கவில்லை. 2004 முதல் 2007 வரை பொறுப்பேற்ற பல்கேரிய அணி 2006 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. ஸ்பெயினின் செல்டா, தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸ், சொந்த நாட்டின் லிடெக்ஸ் எங்கும் நிலைக்கவில்லை. கோபத்தால் வெல்ல ஆட்டக்காரனால் முடியும். பயிற்சியாளனுக்கு அது உதவாது.

அவர் ஆடிய கடைசி உலகக் கோப்பை 1998இல் பிரான்ஸில் நடந்தது. ஸ்பெயினிடம் 6–1 எனத் தோற்று பல்கேரியா முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதற்குப் பிறகு அந்நாடு உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவேயில்லை.