பதிலாளா, மறைவாளா? ‘மடில்’ என்னும் சொல் பற்றி

ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் (1886) ‘மடில்’ என்றொரு பதிவு உண்டு. எழுத்துக்கூட்டலில் அது குழப்பத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லேதான்; பொருள் வேறு. அதற்குச் சான்று ஒரே நூலில்தான்: ஜூலியா மெய்ட்லண்ட் தம் பெயரைப் போடாமல் 1843இல் வெளியிட்ட சென்னைக் கடிதங்களின் 38, 86ஆம் பக்கங்கள். வீட்டு வேலையாள் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஒரு ‘மடில்’ இருக்கிறான். துரைக்கும் துரைசானிக்கும் தெரியாமல் தள்ளிவிடக்கூடிய வேலையெல்லாம் அவன் தலையில்தான் விழுகிறது என்கிறார் அவர்.

இச்சொல்லை வேறெவரும் அறியார், ‘பதிலி’யைத் தவறாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது யூலும் பர்னலும் தொகுத்த அந்த அகராதியின் முடிவு. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல் 1882இலேயே மறைந்தார். பதிவு எவர் கை என்று தெரியவில்லை. எவர் எழுதியிருந்தாலும் இந்த முடிவை நான் ஏற்கவில்லை.

முதலில் ஒலி. அரபு ‘பதல்’ இந்தியிலும் மராத்தியிலும் ‘பத்லி’, தெலுங்கில் ‘பதுலு’, தமிழில் ‘பதில்’. மலேசியாவின் லெம்பா பெர்த்தாமில் எங்கள் மலாய் அயலார், இயலாதவருக்காக இன்னொருவர் நிறைவேற்றும் ஹஜ்ஜை ‘பாடால் ஹாஜி’ என்கிறார்கள். இத்தனை மொழிகளைக் கடந்தும் முதலெழுத்து பகர இனத்தை விட்டு நகரவில்லை. சென்னையில் ஓர் அம்மையார் காதில் மட்டும் அது மகரமானது என்றால் காரணம் சொல்ல வேண்டும். அகராதி சொல்லவில்லை.

பொருள் இன்னும் வலுவான தடை. இந்தியத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்ந்த விளக்கப்படி, வருகைப் பதிவேட்டில் பெயருள்ள ஒருவருக்குப் பதிலாக அமர்த்தப்படுபவரே பதிலி எனப்பட்டார். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் அவரையும் தொழிலாளர் வரையறைக்குள் சேர்த்தது. இலங்கையில் ‘பதில் நீதவான்’ என்பதும் இதே வழக்கு. ஒருவர் இல்லாதபோது, ஊரறிய அவர் இடத்தில் நிற்பவர் பதிலாள். மெய்ட்லண்டின் ஆளோ உரியவன் வீட்டில் இருக்கும்போதே மறைவில் உழைக்கிறான். சட்ட வரையறை நூறாண்டுக்கும் மேல் பிந்தியது என்பதை மறுக்கவில்லை. பழைய பதிலிகளில் சிலர் இப்படியும் இருந்திருக்கலாம்.

அகராதியின் 1903 பதிப்பில் அதன் பதிப்பாசிரியர் குரூக் சேர்த்த அடைப்புக்குறிக் குறிப்பை எவரும் பொருட்படுத்துவதில்லை. அவர் கேட்ட இருவருமே பதிலித் தொடர்பை ஐயுற்றார்கள். அவர்களுள் வயாட் அம்மையார் தயக்கத்தோடு மடைப்பள்ளியைச் சுட்டினார். சமையற்காரருக்கு அது பொருந்தும். எல்லா வேலையாட்களுக்கும் என்கிறாரே மெய்ட்லண்ட்! ஆனால் அக்குறிப்பில் ஒரு திறவுகோல் இருக்கிறது. ‘மடை’யின் மகரத்துக்குப் பின் அங்கே ஆங்கில ‘யு’ எழுத்து நிற்கிறது. நம் குறில் அகரத்தை அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். ‘மடில்’ சொல்லிலும் அதே எழுத்து. அப்படியானால் தேட வேண்டியது ‘ம’வில் தொடங்கும் ஒரு தமிழ்ச் சொல்லை.

‘மற்ற ஆள்’ பேச்சில் ‘மத்தாள்’ ஆகும். என் கருத்தில் மெய்ட்லண்ட் கேட்டது அதுவே. ‘மாற்றாள்’ பொருளால் இன்னும் நெருக்கம், நெடில் இடிக்கிறது. இரண்டிலும் வல்லொலித் தகரம் ஆங்கிலத்தில் மெல்ல ஒலிக்கும் ‘ட’வானது எப்படி என்பதற்கு என்னிடம் விடை இல்லை. கடிதத்தின் காலத்தையும் 1836-37 என்பதற்குமேல் குறுக்க முடியவில்லை.

அந்த மறைவாளைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள். மலாயாத் தோட்டங்களில் பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிடப்படாத பிள்ளைகள் பெற்றோருக்குக் கைகொடுத்தார்கள். அவர்கள் உழைப்பும் பெற்றோர் கணக்கிலேயே சேர்ந்தது. அவர்களைப் பதிலாள் என்பது பொருந்தாது.

பழைய சென்னைக் குடும்பங்களின் வீட்டுக் கணக்கேடுகளை வைத்திருப்போர், கூலிப் பட்டியல்களில் ‘மற்றாள்’, ‘மாற்றாள்’ என்ற வடிவங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுகிறேன். 1836க்கு முந்திய ஒரே ஒரு வரி கிடைத்தாலும் போதும்.