தேயிலைத் தோட்டமும் கருக்கலைப்புச் சட்டமும்

1971-ஆம் ஆண்டில் நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில், தோட்ட அதிபர் சங்கமான உபாசி ஒரு திட்டத்தைத் தொடங்கியது: கருவுறாத ஒவ்வொரு மாதத்திற்கும் பெண் தொழிலாளியின் கணக்கில் 5 ரூபாய் சேரும்.

அதே ஆண்டில் நாடாளுமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றியது. அதுவரை, 1860-இன் தண்டனைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருவைக் கலைப்பது குற்றம். மறைவில் கலைத்துக்கொண்ட பலர் சீழ்நச்சாலும் குருதிப்போக்காலும் மாண்டனர். புதிய சட்டப்படி, உரிய காரணம் உண்டென மருத்துவர் கருதினால், வயதுவந்த பெண்ணின் சம்மதமே போதும். கணவன் கையெழுத்து வேண்டியதில்லை.

2002-இல் மாத்திரையும் வந்தது. மிஃபெப்ரிஸ்டோன் கருவின் பிடிப்பைத் தளர்த்தும். மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்து அதை வெளியேற்றும். 9 வாரத்திற்குள், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொண்டால் ஆபத்து மிகக் குறைவு.

கருவுறாதிருக்கப் பணம் அன்று தோட்டத்துக்கே வந்தது. பாதுகாப்பான கருக்கலைப்புக்கு மருத்துவரும் எட்டும் தொலைவில் வேண்டுமல்லவா?