ஹேர்ஸ்டாலில் இருந்து டன்பிளேன் வரை: ஒரு கைத்துப்பாக்கியின் கதை

தரம் 11க்கு முதலாம் உலகப் போர் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். சரஜேவோவில் ஒஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்ட் சுடப்பட்ட இடத்துக்கு வந்ததும் பின்வாங்கில் இருந்து ஒரு குரல்: "சேர், அது எஃப்.என். ப்ரவுணிங் 1910."

பாடப்புத்தகத்தில் இல்லாத விபரம். எப்படித் தெரியும் என்று கேட்டோம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய ஐரோப்பிய பிஸ்டல்களைச் சேர்த்து வைத்து, யூடியூப்பில் சுட்டும் காட்டுகிறாராம். இடைவேளையில் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "சேர், நாமளும் அப்பிடி வாங்கி வெச்சிக்க ஏலாதா?"

லைசன்ஸ் இல்லாமல் ஏலாது என்று ஒரு வரியில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது நல்ல வரலாற்றுக் கேள்வி. அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். ரிவோல்வரில் ரவைகள் சுழலும் உருளைக்குள் இருக்கும். அரைத் தானியங்கிப் பிஸ்டலில் அவை கைப்பிடிக்குள் இருக்கும் மகசீனில் அடுக்கியிருக்கும். ஒரு ரவை வெடிக்கும் விசையே வெற்றுக் கோதை வெளியே தள்ளி, அடுத்த ரவையை உள்ளே ஏற்றிவிடும். சுடுபவர் ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தினால் போதும்.

இதைச் சரியாகச் செய்ய 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் பெரும் போட்டி நடந்தது. 1893 இல் ஹியூகோ போர்ச்சார்ட் என்பவர் செய்த பருமனான பிஸ்டலை, ஒஸ்திரியாவில் பிறந்த ஜோர்ஜ் லூகர் சிறிதாக்கித் திருத்தினார். அதன் மேற்பகுதி சுடும்போது முழங்கால் மடங்குவது போல மேலே மடங்கி விரியும். 1900 இல் சுவிட்சர்லாந்து இராணுவமும், 1908 இல் ஜேர்மன் இராணுவமும் அதை எடுத்துக்கொண்டன. லூகருக்காக உருவான 9 மில்லிமீற்றர் பராபெல்லம் ரவை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. சமாதானம் வேண்டுமென்றால் போருக்குத் தயாராகு என்ற இலத்தீன் வாசகத்தில் இருந்துதான் அந்தப் பெயர் வந்தது.

மற்றப் பக்கம், பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே ஹேர்ஸ்டால் என்ற ஊரில் எஃப்.என். தொழிற்சாலை. அமெரிக்கரான ஜோன் ப்ரவுணிங் தன் வடிவமைப்புகளை அங்கே கொண்டுவந்தார். நம் மாணவன் சொன்ன 1910 மாதிரி அங்கே செய்ததுதான். தட்டையானது, சட்டைப்பைக்குள் அடங்கும். 1914 ஜூன் 28 அன்று 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் அதனால் இரண்டு முறை சுட்டான். இளவரசரும் அவரது மனைவி சோபியும் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஐரோப்பாவே போரில் இறங்கியது. அந்தப் பிஸ்டல் இன்று வியன்னாவில் உள்ள இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ப்ரவுணிங் 1926 இல் லியேஜில் காலமானார். அவர் தொடங்கி வைத்த இன்னொரு வேலையை அதே தொழிற்சாலையின் டியூடோனே சைவ் முடித்தார். 1935 இல் வெளிவந்த அதன் பெயர் ஹை-பவர். லூகரின் மகசீனில் 8 ரவைகள், இதில் 13. இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியத்தைப் பிடித்த ஜேர்மனியர் தங்களுக்காக அதைச் செய்வித்தார்கள். நேச நாடுகளுக்காகக் கனடாவில் செய்தார்கள். எதிரிகள் இருவரின் இடுப்பிலும் ஒரே பிஸ்டல்!

இதுவரை கேட்டுக்கொண்டிருந்தவனின் முகத்தில் சந்தோஷம். அடுத்ததைச் சொல்ல எங்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

1996 மார்ச் 13. ஸ்கொட்லாந்தில் டன்பிளேன் என்ற சிறிய ஊரின் ஆரம்பப் பாடசாலை. ஒருவன் நான்கு கைத்துப்பாக்கிகளோடு உடற்பயிற்சி மண்டபத்துக்குள் நுழைந்தான். அவற்றில் இரண்டு ப்ரவுணிங் ஹை-பவர். சில நிமிடங்களில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 16 பேரும், அவர்களுடைய ஆசிரியை குவென் மேயரும் கொல்லப்பட்டார்கள். அவன் அந்தத் துப்பாக்கிகளைக் களவாக வைத்திருக்கவில்லை. சுடுபயிற்சிக்கென்று முறையாக அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தான். அதை இரத்துச் செய்ய வேண்டும் என்று 1991 இலேயே ஒரு பொலிஸ் அதிகாரி எழுதியிருந்தார். அது நடக்கவில்லை.

பிள்ளைகளை இழந்த பெற்றோரும் அவர்களின் நண்பர்களும் கையெழுத்து வேட்டை தொடங்கினார்கள். அந்த மார்ச்சில் பூத்திருந்த ஸ்னோட்ரொப் பூவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். 1997 இல் இரண்டு சட்டங்கள் வந்தன. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து மூன்றிலும் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது கிட்டத்தட்ட முற்றாகத் தடைசெய்யப்பட்டது. நட்டஈடு கொடுத்து, ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை அரசு திரும்ப எடுத்தது.

இதில் மறுபக்கமும் இருக்கிறது. ஒப்படைத்தவர்களில் அநேகமானோர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவர்கள். சிலருக்கு அது விளையாட்டு, சிலருக்கு வரலாற்றுச் சேகரிப்பு. எங்கள் தவறு என்ன என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

சட்டம் அவர்களுக்கு ஒரு வழி விட்டது. வரலாற்றுப் பெறுமதி உள்ள பிஸ்டலை இன்றும் அங்கே ஒருவர் அனுமதியோடு சொந்தமாக்கலாம், சுடவும் செய்யலாம். ஆனால் லூகர் போல ரவை இலகுவாகக் கிடைக்கும் பிஸ்டல் என்றால் வீட்டில் வைக்க முடியாது. அரசு குறித்துக் கொடுத்த இடத்தில் அது பூட்டியிருக்கும். உரியவர் அங்கே போய்ச் சுட்டுவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். இங்கிலாந்தின் சரே பகுதியில் உள்ள பிஸ்லி சுடுதிடல் அப்படியான ஓர் இடம்.

எங்களுக்கு இது சரியான தீர்வாகவே படுகிறது. லூகரின் பொறிநுட்பத்தை ரசிப்பது பாவமில்லை. ஆனால் அது எந்த வீட்டில், யார் கையில் இருக்க வேண்டும் என்பதை ரசிகர் மட்டும் தீர்மானிக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதில் பங்கு இருக்கிறது.

வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். எங்கள் மாணவர்கள் அதைப் போனில் மட்டும் கேட்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அது அப்படியே இருக்கட்டும்.

மணி அடித்தது. அவன் போகும்போது கேட்டான்: "அந்த டீச்சர் ஓடித் தப்பியிருக்க ஏலாதா சேர்?" பிள்ளைகளோடுதான் அவ இருந்தா என்று சொன்னோம். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

பெற்றோரே, பிள்ளை துப்பாக்கி வீடியோ பார்த்தால் உடனே போனைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் துப்பாக்கி எங்கே செய்தது, யாரைச் சுட்டது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் எங்களிடம் அனுப்புங்கள். சேர்ந்து தேடுவோம்.