டெல்லி கணேஷ்: சபா மேடையில் விளைந்த குரல்

டெல்லி கணேஷ் (1944–2024) நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி மூன்றிலும் நடித்த தமிழ் நடிகர். சொந்த ஊர் வல்லநாடு. 1964 முதல் பத்தாண்டுகள் இந்திய விமானப்படையில் பணிபுரிந்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தவர், சென்னைக்கு வந்தபின் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் சேர்ந்தார். விசுவின் நாடகமான ‘பட்டினப்பிரவேசம்’ 1977இல் படமானபோது கணேஷைத் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர் கே. பாலசந்தரே ‘டெல்லி கணேஷ்’ என்ற பெயரையும் சூட்டினார். அதன்பின் 400க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

குணச்சித்திர நடிகர் என்று சொல்லி இவரைக் கடந்துவிடுவது வழக்கம். அந்தப் பெயர் அவர் கலையின் வேரைக் காட்டுவதில்லை. அக்காலத்துச் சபா நாடகத்தில் ஒரு சோபா, ஒரு கதவு, ஒரு பின்திரை இருந்தால் வீடு தயார். மற்ற எல்லாவற்றையும் வசனம்தான் தாங்க வேண்டும். அப்படிப்பட்ட மேடையில் பழகியவருக்கு, ஒரு மனிதனை அவன் பேச்சிலிருந்தே உருவாக்கும் திறமை வாய்த்தது. துரையின் ‘பசி’யில் (1979) சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் தகப்பனாகச் சென்னைச் சேரியின் தமிழைப் பேசினார், தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. ‘மைக்கேல் மதன காம ராஜ’னில் (1990) பாலக்காடு மணி ஐயராக வந்து, கிரேசி மோகனின் வேகமான வசனத்தை ஒரு அசைகூடச் சிதறாமல் பாலக்காட்டுத் தமிழில் சொன்னார். ஒரே தொண்டையிலிருந்து இவ்விரு தமிழும் வந்தன என்பதே வியப்பு. ‘47 நாட்க’ளில் (1981) சிரஞ்சீவிக்குப் பின்னணி பேசியதும் இவர்தான்.

மேடைப் பழக்கம் கேமராவுக்கு முன் மிகையாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. பலர் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் மணிரத்னத்தின் ‘நாயக’னில் (1987) கதாநாயகன் வேலுவின் அருகிலேயே நிற்கும், இவர் நடித்த ஐயரைப் பாருங்கள்: அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவருடைய பெரும்பாலான நடிப்பு. எதிரில் நிற்பவரின் வரியைக் கவனித்துத் தன் வரியை எடுக்கும் மேடை ஒழுக்கமே இங்கே அடக்கமாகியிருக்கிறது. ‘சிந்து பைரவி’யில் (1985) குடிப்பழக்கத்தில் விழுந்த மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தியும் அவ்வகைதான்.

அப்பா, மாமா, அக்ரகாரத்து மனிதர் என்ற சட்டத்துக்குள் அவர் சிக்கினார் என்பது இன்னொரு குறை. எண்ணிக்கையைப் பார்த்தால் மறுக்க முடியாது. எனினும் ‘பசி’யின் தகப்பனும், ‘அபூர்வ சகோதரர்க’ளின் (1989) வில்லன் பிரான்சிஸ் அன்பரசுவும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள். வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் அவர் வெளியே வந்தார். கூடுதலாக எழுதித் தராதது திரையுலகின் குறைதான், நடிகரின் எல்லை அல்ல. கதாநாயகனாக நடித்த ‘எங்கம்மா மகாராணி’ (1981) இன்று பேசப்படுவதே இல்லை.

‘கஸ்தூரி’, ‘செல்லமே’ போன்ற சன் டிவி தொடர்களை இறக்கமாகக் கருதுவோரும் உண்டு. நாள்தோறும் பக்கம் பக்கமாக வசனம், ஒத்திகைக்குக் குறைந்த நேரம், வீட்டுக் கூடத்திலேயே நகரும் கதை என்று பார்த்தால், மெகா தொடர் சினிமாவைவிடச் சபா நாடகத்துக்கே நெருங்கிய உறவு. முதிய வயதில் அவர் தனக்குப் பழகிய வடிவத்தில்தான் வேலை செய்தார். கடைசி ஆண்டுகள்வரை நடித்தவர், 2024 நவம்பர் 9 அன்று இரவு சென்னையில் காலமானார்.