பச்சிளங் குழந்தைகளில் குருதிச் சிறுதட்டுக் குறைவு: ஏன் உடனே ஏற்றுவதில்லை?

‘பிளேட்லெட்’ என்றால் என்ன என்று இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. டெங்கு அதைச் சொல்லித் தந்துவிட்டது. ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே இறங்கினால் கவனம், இருபதாயிரத்துக்கு வந்தால் வீடே கலங்கும். அதே கணக்கோடுதான் பச்சிளங் குழந்தைகளின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நிற்கும் தகப்பனும், “ஏற்றுங்கோ டொக்டர், இரத்தம் குடுக்க ஆக்கள் இருக்கினம்” என்கிறார். “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்ற பதில் அவருக்கு அலட்சியமாகவே படும். ஆனால் அந்தப் பொறுமைக்குக் காரணம் இருக்கிறது.

பிறந்த குழந்தைக்கும் பெரியவர்களைப் போலவே ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் குறைந்தது 150,000 சிறுதட்டுகள் இருக்க வேண்டும். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்த அளவு குறைகிறது. குதிக்காலில் குத்தி எடுத்த குருதி குழாய்க்குள்ளேயே சற்று உறைந்துவிட்டாலும் எண்ணிக்கை பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரண்டாம் முறை மாதிரி எடுப்பது அதனால்தான்.

குறைவு எப்போது தொடங்கியது என்பதே காரணத்தைக் காட்டும் முதல் தடயம். பிறந்து 72 மணித்தியாலங்களுக்குள் என்றால் பெரும்பாலும் அது கர்ப்பப்பைக்குள் நடந்ததன் தொடர்ச்சி. தாய்க்குக் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் இருந்து, சூல்வித்தகம் சரியாக வேலை செய்யாமல், குழந்தை எடை குறைந்து பிறந்திருக்கும். இவ்வகைக் குறைவு பொதுவாக மிதமானது. ஒன்றரை வாரத்துக்குள் தானாகவே சீராகிவிடும்.

மூன்று நாள்களுக்குப் பின்னர் தொடங்குவது வேறு கதை. குருதியில் கிருமித் தொற்று, அல்லது குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கி அழுகச் செய்யும் அழற்சி நோய், இவை இரண்டுமே முதல் சந்தேகங்கள். ஓரிரு நாள்களிலேயே எண்ணிக்கை சரிந்துவிடலாம். இங்கே காப்பாற்றுவது தொற்றுக்கான சிகிச்சைதான். நமது சூழலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பிரசவத்தை ஒட்டிய நாள்களில் தாய்க்கு டெங்கு இருந்தால் அது குழந்தைக்கும் கடத்தப்பட்டுச் சிறுதட்டுகளைக் குறைக்கலாம். தாய்க்குக் காய்ச்சல் இருந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது.

இனி, ஏற்றுவதா விடுவதா என்ற கேள்வி. பிரித்தானியா, அயர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 34 வாரங்களுக்கு முன் பிறந்த 660 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ‘பிளானெட்-2’ ஆய்வு 2019 இல் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. ஒரு பிரிவுக்கு எண்ணிக்கை 50,000 இற்குக் கீழே இறங்கியதும் சிறுதட்டு ஏற்றப்பட்டது. மற்றப் பிரிவுக்கு 25,000 வரை காத்திருந்தார்கள். 28 நாள்களுக்குள் இறந்த அல்லது பெரிய இரத்தக்கசிவுக்கு உள்ளான குழந்தைகள் காத்திருந்த பிரிவில் 19 சதவீதம், முந்தி ஏற்றிய பிரிவில் 26 சதவீதம். எண்கள் இடம்மாறி அச்சாகிவிட்டனவோ என்று நான் திரும்பவும் பார்த்தேன். இல்லை. அதே குழந்தைகளை இரண்டு வயதில் பரிசோதித்தபோதும் அதிகம் ஏற்றிய பிரிவில்தான் இறப்பும் வளர்ச்சிக் குறைபாடும் கூடுதலாக இருந்தன.

ஏன் இப்படி என்பதற்கு முடிந்த முடிவான விடை இல்லை. ஏற்றப்படுபவை பெரியவர்களின் சிறுதட்டுகள். சிசுவின் சிறுதட்டுகளைவிட அவை துடிப்பானவை, சிசுவின் குருதியில் உறைதலின் சமநிலையை அவை குலைக்கக்கூடும். அளவும் ஒரு காரணமாகலாம். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருப்பதே ஏறக்குறைய 90 மில்லிலீற்றர் குருதிதான். ஒரு தடவை ஏற்றும் 15 மில்லிலீற்றர் அதில் ஆறில் ஒரு பங்கு. மேலும், குறைமாதக் குழந்தைகளின் மூளையில் ஏற்படும் கசிவுகளில் பெரும்பாலானவை முதல் சில நாள்களிலேயே நேர்கின்றன. எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்பதோடு அவை நேராகப் பொருந்திப் போவதில்லை.

25,000 என்ற எல்லை கசிவு இல்லாத குழந்தைகளுக்கானது. கசிவு இருந்தாலோ அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலோ வைத்தியர்கள் அதைவிட முந்தியே ஏற்றுவார்கள். ஆகவே பெற்றோர் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், எங்காவது கசிகிறதா, மூளை ஸ்கான் எப்படி இருக்கிறது, காரணம் கண்டுபிடிக்கப்பட்டதா என்று கேட்பது பயன் தரும்.

நிறைமாதத்தில் பிறந்து, மற்றபடி நலமாகத் தெரியும் குழந்தைக்கு எண்ணிக்கை மிகக் குறைந்திருந்தால் அங்கே காத்திருக்க முடியாது. தகப்பன் வழியாகக் குழந்தைக்கு வந்த சிறுதட்டு வகையைத் தாயின் உடல் அந்நியமாகக் கருதி எதிர்ப்புடல்களை அனுப்பியிருக்கலாம். றீசஸ் பொருத்தமின்மை போன்றதுதான், ஆனால் முதல் குழந்தையையே தாக்கும். ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் ஆசியரிடம் இது அரிது. பிறக்கும் முன்னரே மூளையில் கசிவு ஏற்படும் ஆபத்து இதில் உண்டு. பொருத்தமான சிறுதட்டும், நாளத்தினூடாக இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். அடுத்த குழந்தையிலும் இது திரும்பி வரக்கூடும் என்பதால், அடுத்த கர்ப்பத்தின் முதல் கிளினிக் நாளிலேயே மூத்த குழந்தையின் நோய்க் குறிப்பு அட்டையைக் காட்ட வேண்டும்.